நடையும் ஒரு கொடையே

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை நடந்து, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மலையிறங்கிச் செல்லும் குடும்பங்களுக்கு நிதி திரட்டுவதென நண்பர்கள் அறுவர் முடிவு செய்துள்ளோம். அதற்கான பயிற்சியைச் சில மாதங்களாக மேற்கொண்டு வருகிறோம். அதனைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். நான் விளையாட்டு வீரன் அல்லேன். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவன். அங்கே கற்ற தமிழில், அறிந்தவற்றை மட்டும் ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் எண்ணத்தைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பணந்தானே வேண்டும்? நடக்காமலேயே ஆளுக்கு நூறு வெள்ளி போட்டுவிட்டால் ஆகாதா?" என்று, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெரியம்மா ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குரிய விடையை இலங்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

அந்நாட்டில் 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்றது. அக்காலத்தில் யாழ்ப்பாணப் பகுதிப் புற்றுநோயாளிகள் பலர், முழுமையான சிகிச்சைக்காகக் கொழும்பை அடுத்த மகரகம மருத்துவமனைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற விரும்பிய நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்னும் நண்பர்கள் இருவர் 2011 ஜூலையில் ஒரு நடைப்பயணத்தை மேற்கொண்டனர். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். தீவின் தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையில் தொடங்கி, வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டரை 27 நாள்களில் நடந்து முடித்தனர். வழிநெடுகிலும் பல்லாயிரவர் உடன் நடந்தனர். திரண்ட நிதி 20 இலட்சம் அமெரிக்க டாலரைக் கடந்தது. அதனைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்து, 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. துர்க்கையம்மன் ஆலயத்தால் நம்மவர்க்கு நன்கு அறிமுகமான அதே தெல்லிப்பழைதான்.

கதை அத்தோடு முடியவில்லை. 2016ஆம் ஆண்டு அதே பாதையில் திசையை மாற்றி, வடக்கிலிருந்து தெற்கு நோக்கி 28 நாள்கள் நடந்தனர். இம்முறை நிதி, காலியிலுள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்காகத் திரட்டப்பட்டது. முதலில் தெற்கு வடக்கிற்காக நடந்தது. பின்னர் வடக்கு தெற்கிற்காக நடந்தது.

பெரியம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பணம் கொடுப்பவர் நோயாளியின் தூரத்தை அறிவதில்லை. நடப்பவரோ அதனைத் தம் காலால் அளக்கிறார். பார்ப்பவர்க்கும் அது புலனாகிறது. வள்ளுவப் பெருந்தகை ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னால் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஊரோடு ஒத்து, ஊரின் குறையைத் தன் குறையாய் உணர்ந்தபின் கொடுப்பதே நிலைத்த கொடை என்று நான் பொருள் கொள்கிறேன்.

நம் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆயினும் புற்றுநோய்க்குரிய சிறப்புச் சிகிச்சைக்கு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சென்றாக வேண்டும். கதிரியக்கச் சிகிச்சை என்றால், பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாள், பல வாரங்கள் தொடர்ந்து நடைபெறும். அன்றாடம் மலையேறி இறங்குவது நோயுற்ற உடம்பால் ஆகாத காரியம். அங்கேயே தங்க வேண்டும். துணைக்கு ஒருவர் வேலையை விட்டு உடனிருக்க வேண்டும். அரசு மருத்துவமனைக் கட்டணம் குடிமக்களுக்குக் குறைவுதான். குடும்பத்தைச் சாய்ப்பவை பேருந்துக் கட்டணமும், அறை வாடகையும், இழந்த கூலியுமே. எங்கள் அறுவருள் ஒருவர், தம் மனைவியின் சிகிச்சைக்காக இரண்டு மாதம் நகரத்தில் தங்கியவர். அவர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பயிற்சி நாளில் முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

இனி, பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் 1892ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 1,400 மீட்டர். ஆக, ஓய்வில்லாமல் நடந்தாலே பதினான்கு மணி நேரத்திற்கு மேலாகும். வளைவுகள் நிறைந்த அச்சாலையில் இருட்டில் நடப்பது ஆபத்து. பிற்பகலில் மழையும் வரும். ஆகவே நடையை இரண்டு நாளாகப் பிரித்தோம். முதல் நாள் ரிங்லெட் வரை. மறுநாள் அணைக்கட்டு ஏரியைக் கடந்து தானா ராத்தா. இரண்டாம் நாள் நடை பதினான்கு கிலோமீட்டர் அளவே. குழந்தைகளும் முதியவர்களும் இயன்ற தூரம் உடன் வரலாம் என்பதும் இவ்வாறு பிரித்ததற்கு ஒரு காரணம்.

பயிற்சியை வாரம் ஒருமுறை எட்டுக் கிலோமீட்டர் நடையில் தொடங்கினோம். வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரத்தில் குறைத்து, உடம்புக்கு ஓய்வு கொடுத்தோம். தசை விரைவில் பழகிவிடும். மூட்டும் தசைநாணும் பழகுவதற்கு நாளாகும். காலணியைப் புதிதாக வாங்கி நடை நாளன்று அணிவது கொப்புளத்திற்கு அழைப்பு விடுப்பதாகும். நீண்ட நடையில் பாதம் வீங்குமாதலால், விரலுக்கு முன்னால் சிறிது இடம் இருக்க வேண்டும். நனைந்த பருத்திக் காலுறை தோலை உரிக்கும். ஈரத்தை விரைவில் விடும் செயற்கை இழைக் காலுறையே ஏற்றது. வியர்வையில் நீரோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு.

ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கந்தான் முழங்காலை வாங்கும். இதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் அதே பெரியம்மாதான். நிறை கூடையோடு முப்பது ஆண்டுகள் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கியவர் அவர். "எட்டி வைக்காதே தம்பி, அடியைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து இறங்கு" என்றார். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு மலைப்பாதையில் அவ்வாறே இறங்கிப் பழகினோம். முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. இன்று கொழுந்து பறிக்கக் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆயினும் அந்தத் தலைமுறையின் காலறிவு இன்னும் நம்மிடையே இருக்கிறது. கேட்டுப் பெற வேண்டியது நம் கடமை.

பயிற்சியின் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்த கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980ஆம் ஆண்டில் செயற்கைக் காலோடு 143 நாள்கள் ஓடி, 5,373 கிலோமீட்டரைக் கடந்தார். அவ்வோட்டத்திற்கு முன் பயிற்சியிலேயே அவர் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தார். உலகம் கண்டது ஓட்டத்தை. அதற்கு நிகரான தூரத்தை அவர் யாரும் காணாமல் ஓடி முடித்திருந்தார்.

நண்பர்களோடு சேர்ந்து பயில்வதன் பயனையும் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் 1981ஆம் ஆண்டு கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கிய 100 கிலோமீட்டர் நடை, பின்னர் பொதுமக்களும் பங்கேற்கும் அறநிதி நடையாக வளர்ந்தது. நால்வர் கொண்ட குழுவாக நடப்பதே அதன் முறை. எங்கள் குழுவில் ஓர் ஆசிரியர், ஒரு காய்கறித் தோட்டக்காரர், ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கடைக்காரர் எனப் பலதரத்தார் உள்ளனர். லாரி ஓட்டுநர் உடல் கனத்தவர். முதல் வாரத்தில் பின்தங்கிப் போனார். "என்னை விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். மறுவாரம் முதல் அவரையே முன்னால் நடக்கவிட்டோம். மெதுவாய் நடப்பவரின் வேகமே குழுவின் வேகம் என்றானது. இப்போது அவர் 30 கிலோமீட்டரைக் களைப்பின்றிக் கடக்கிறார். மற்றவர்க்கோ இதுவரை காயமென்பதே இல்லை. ஊரும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அன்பர்களே, வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆய்ந்து கண்டது 1885ஆம் ஆண்டில். ரஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929ஆம் ஆண்டில். அந்நாள்தொட்டுக் காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்களில் நம் முன்னோர் பலர் இருந்தனர். அவர்கள் பிழைப்பதற்காக நடந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து, நகரங்களுக்குப் பெயர்ந்து, அலுவலகங்களில் அமர்ந்துவிட்டோம். லயங்களில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் பலர் வாழ்கின்றனர். நோய் அவர்களையும் விட்டுவைப்பதில்லை. அரசு மருத்துவமனையில் அயல்நாட்டவர்க்குக் கட்டணமோ பன்மடங்கு. ஆகவே, இந்த நிதி ஓர் இனத்திற்கென்று ஒதுக்கப்படாது. இம்மலையில் வாழும் எவராயினும், பூர்வகுடியினராயினும், விண்ணப்பிக்கலாம். இவ்வாறு முடிவெடுத்தபோது எங்களுக்குள் விவாதம் எழுந்தது உண்மை. "நம்மவர்க்கே போதாதே" என்றார் ஒருவர். "நம் தாத்தாவும் ஒருநாள் இங்கே அயல்நாட்டவர்தானே" என்றார் மனைவியோடு நகரத்தில் தங்கியிருந்த நண்பர். அதன்பின் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பொதுப்பணம் என்பதால் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுவீடாகவும் தெருக்களிலும் நிதி திரட்டுவதை ஒழுங்குபடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. உரிய அனுமதி கைக்கு வருமுன் ஒரு காசும் வாங்க மாட்டோம். வாங்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் பற்றுச்சீட்டு. எடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இருவர் கையொப்பம். உணவு, காலணி, வண்டிச் செலவு யாவும் எங்கள் சொந்தப் பொறுப்பு. கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

நிறைவாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். இளைஞர்களே, ஞாயிறு காலைப் பயிற்சிக்கு வாருங்கள். முதல் வாரம் எட்டுக் கிலோமீட்டர் போதும். தாய்மார்களே, இரண்டாம் நாள் எங்களோடு இயன்ற தூரம் நடந்து வாருங்கள். பெரியோர்களே, உங்கள் அண்டை வீட்டில் சிகிச்சைக்குப் போக வழியின்றித் தயங்கி நிற்பவர் எவரேனும் இருந்தால், அவர் பெயரை வெளியே சொல்லாமல் எங்கள் காதில் மட்டும் சொல்லுங்கள். பணம் கொடுப்பதைவிட அதுவே பெரிய உதவி. கேட்கக் கூசி வீட்டிலேயே இருந்துவிடுபவரை எங்களால் நடந்து சென்று அடைய முடியாது.