வால்மீனின் தூசியும் பின்னால் நின்ற விண்மீனும்



வானத்தின் கணக்கு நம் கைக்கு எட்டாதிருந்த காலத்தில், வால்மீன் தோன்றினால் கேடு வரும் என்ற அச்சம் மட்டும் நம் சேரிவரை வந்து சேர்ந்தது. அளந்து பார்த்தவர்கள் கண்டதோ, பனியும் தூசியும் கலந்த ஒரு சிறு கரு. கதிரவனை நெருங்குகையில் பனி ஆவியாகித் தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அத்தூசியில் பட்டுச் சிதறும் கதிரொளியையே நாம் பெரிதும் காண்கிறோம்.

அத்தூசி எவ்வளவு? பிரகாசத்தை மட்டும் கொண்டு கூற இயலாது. வெண்தூசி சிறிதளவு இருப்பினும், கரிபோன்ற தூசி ஏராளமாக இருப்பினும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இங்கேதான் பின்னால் நிற்கும் விண்மீன் சாட்சி சொல்ல வருகிறது. வால்மீன் அதன் முன்னே கடக்கும்போது, தூசி தடுக்கும் அளவுக்கு விண்மீனின் ஒளி மங்கும். ஒளிமானி அக்குறைவை நொடிக்கு நொடி பதியும். தடுக்கப்பட்ட ஒளி தூசியின் அளவைக் கூறும். சிதறிய ஒளியை அதனோடு ஒப்பிட்டால் தூசியின் கருமையும் விளங்கும்.

இவ்வழி பழையது. 1835இல் ஹாலி வால்மீனின் கருவுக்கு மிக அருகே தெரிந்த விண்மீனை ஜெர்மானிய அறிஞர் பெசல் அளந்தார். அதன் ஒளி வளைந்ததாகத் தெரியவில்லை. கனத்த காற்றுமண்டலம் அங்கில்லை என்று அவர் உணர்ந்தார்.

1996 அக்டோபர் 5 அன்று ஹேல்-பாப் வால்மீன் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. கரு தூசிக்குள் ஒளிந்திருந்தமையால், அதன் நிழல் தரையில் எங்கு விழும் என்று துல்லியமாகக் கணிப்பது அரிது. ஆகவே அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஆய்வுக் குழுக்கள் வெவ்வேறு இடங்களில் காத்து நின்றன. ஒரு குழுவுக்கு மட்டும், அதுவும் மெல்லிய மேகத்தின் ஊடே, விண்மீன் மங்கியதாகத் தெரிந்தது. கருவின் ஆரம் சுமார் 30 கிலோமீட்டருக்கு மிகாது என்றும், கருவை ஒட்டிய தூசி ஒளி புகாதபடி அடர்ந்திருக்கலாம் என்றும் அதிலிருந்து மதிப்பிட்டனர். மேகம் குறுக்கிட்ட பதிவாதலால் எச்சரிக்கையுடனேயே எழுதினர். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒன்றும் மங்கவில்லை என்று எழுதிய ஏடும் வீணன்று. நிழல் அவ்வழியே செல்லவில்லை என்பதை அதுவே சொல்லும்.

நம் சவ்வாது மலையிலும் இம்முறை கையாளப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் அருகே ஒரு விண்மீனின் ஒளி மங்கியதைக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியால் பதிந்தனர். அந்நாளில் பல இடங்களில் எடுத்த பதிவுகளே அக்கோளின் வளையங்களை வெளிப்படுத்தின.

இளைஞர்களே, இதற்குப் பெருங்கருவி எப்போதும் தேவையில்லை. காலம் பிசகாத கடிகாரமும், நிற்கும் இடத்தின் சரியான அளவும், ஒளி பதியும் கருவி பொருத்திய சிறு தொலைநோக்கியும் இருந்தால் பல மறைப்புகளைப் பதியலாம். நிழலின் பாதையைக் கணிக்கும் முறையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். முன்னே வந்து அமருங்கள்.