சட்டி ஒன்று, சுவை இரண்டு

மலேசியாவின் கேமரன் மலைக்குப் போகும் தம்பதிகளுக்கு இன்று ஒரு தகவல்.

கணவருக்குக் காரசாரமாக வேண்டும். மனைவிக்குக் காரம் ஆகாது. எந்தக் கடைக்குப் போவது? இந்தப் பேச்சிலேயே பாதி விடுமுறை போய்விடும்.

சாயங்காலம் அங்குள்ள பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் ஒரு ஸ்டீம்போட் கடைக்குப் போங்கள். நடுவில் தடுப்பு வைத்த சட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் தொம்யாம் சூப், புளிப்பும் உறைப்புமாக. மறுபக்கம் தெளிந்த சூப். அடுப்பு மேசையிலேயே எரியும். மலையில் விளைந்த கீரை, காளான், முட்டைக்கோஸ் எல்லாம் பச்சையாகத் தட்டில் வரும். அவரவர் பக்கத்தில் அவரவர் போட்டு வேகவைக்கலாம். சட்டி ஒன்று, சுவை இரண்டு. அந்தக் குளிருக்கு ஆவி முகத்தில் படுவதே தனிச் சுகம்.

ஒருவர் சைவமா? அப்படியென்றால் தடுப்பு போதாது. கொதிக்கும்போது இந்தப் பக்கத்துச் சாறு அந்தப் பக்கம் தெறிக்கும். தனிச் சட்டியே கேளுங்கள். காய்கறிச் சாறு உண்டா என்று உட்காரும் முன்பே விசாரியுங்கள். இல்லையா, தானா ராத்தா ஊரில் நம்மவர் கடைகள் இருக்கின்றன. ஒருவருக்குக் கோழிக்குழம்புச் சோறு, ஒருவருக்குத் தோசை.

மறுநாள் காலை சுங்கை பாலாஸ் தோட்டம். 1929-இல் தொடங்கிய போ (BOH) தேயிலை நிறுவனத்துடையது. அங்குள்ள தேநீர்க் கடையின் மாடத்தில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். தேநீர் குடித்துக்கொண்டே அதையும் பேசுங்கள். பாதை குறுகல், வார இறுதியில் வண்டிகள் அதிகம். சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்.