மரநிழலும் மனநலமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சிறுபாலம், மயானப் பாதை ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் மனத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பஞ்சாயத்தின் பார்வையில் இருக்கும் புறம்போக்கு நிலத்திற்கும் ஊராரின் மனநிலைக்கும் தொடர்பு உண்டு. அதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு வெளியூர்ச் செய்தி. அமெரிக்க நாட்டிலே பிலடெல்பியா என்பது ஒரு பழைய தொழில் நகரம். அங்கே ஆலைகள் பல மூடப்பட்டன. மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். ஆளில்லாத வீடுகள் இடிந்தன, இடிக்கவும் பட்டன. ஆயிரக்கணக்கான மனைகள் குப்பையும் புதரும் மண்டிக் கிடந்தன. ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலேயே இத்தகைய மனைகள் மிகுதி. காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது அந்தக் குப்பைமேடுதான்.

அந்நகரின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய மனைகளில் 541ஐ எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் மூவகையாகப் பிரித்தனர். முதல் வகையில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரங்களை நட்டு, தாழ்வான மரவேலி ஒன்று அமைத்தனர். எவரும் உள்ளே போய்வர வேலியிலே வழி விட்டனர். தவறாமல் பராமரித்தும் வந்தனர். இரண்டாம் வகையில் குப்பையை மட்டும் அகற்றி, புல்லை வெட்டினர். மூன்றாம் வகையை இருந்தபடியே விட்டுவிட்டனர். அருகில் குடியிருந்த வயது வந்தோர் 442 பேரிடம், வேலைக்கு முன் 18 மாதங்களும் பின் 18 மாதங்களுமாக மனநிலை பற்றி விசாரித்தனர்.

முடிவுகள் 2018ஆம் ஆண்டில் வெளியாயின. ஒன்றும் செய்யாத இடங்களோடு ஒப்பிடும்போது, மரமும் புல்லும் வைத்த மனைகளின் அருகே வாழ்ந்தவர்களில் மனச்சோர்வு உணர்வதாகச் சொன்னோர் 41.5 சதவீதம் குறைந்தனர். வறுமை மிகுந்த பகுதிகளிலோ இக்குறைவு மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டியது. 'நான் எதற்கும் பயனற்றவன்' என்ற எண்ணமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு மனைக்கு ஆன செலவு சுமார் 1,600 டாலர்.

குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் நிலைமை என்ன? குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதுமில்லை! பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். வேலிக்காத்தானை ஒருநாள் வெட்டிச் சாய்த்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அடுத்த மழைக்கு அது முன்னிலும் செழிப்பாகத் தழைத்து நிற்கிறது. துப்புரவு நல்லதுதான், ஆயினும் வெறும் துப்புரவு மனத்தைத் தொடவில்லை என்றே அந்த ஆராய்ச்சி காட்டுகிறது.

இனி, உழவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. "நாங்கள் விடிந்தது முதல் அந்தி வரை பச்சைப் பயிரின் நடுவிலேதானே நிற்கிறோம்? இயற்கை மனநோவை ஆற்றும் என்றால் எங்களுக்கு ஏன் இத்தனை கவலை?" இது நியாயமான கேள்வி. பட்டணத்துப் பிரசங்கிகள் பலர் இதற்கு விடை சொல்லாமலே போய்விடுகிறார்கள்.

வயலில் நிற்பவன் பயிரை மட்டும் பார்ப்பதில்லை. நகைக்கடனைப் பார்க்கிறான், வாய்க்காலில் வராத தண்ணீரைப் பார்க்கிறான், வியாபாரி சொல்லப்போகும் விலையைப் பார்க்கிறான். அவனுக்கு வயல் வேலைக்களம்; சில ஆண்டுகளில் அது போர்க்களமுங்கூட. ஆறுதல் தரும் இடம் வேறு. கணக்குப் பார்க்க வேண்டாத மரநிழல், குளக்கரை, தோப்பு ஆகியவை அவை.

மாடு அசை போடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அது அசை போட்டால் தின்றது செரிக்கிறது. மனிதன் கவலையை அசை போட்டால் எதுவும் செரிப்பதில்லை. திரும்பத் திரும்ப அதுவே மேலே வருகிறது. மனச்சோர்வுக்கு இப்பழக்கம் ஒரு வாசல் என்று மனநல அறிஞர்கள் கூறுகின்றனர். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் நகரவாசிகள் 38 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் புல்வெளியும் மரங்களும் உள்ள இடத்திலும், மற்றதை வாகனங்கள் நெரியும் பெருஞ்சாலை ஓரத்திலும் 90 நிமிடம் நடக்கச் செய்தனர். மரங்களினூடே நடந்தவர்களிடம் இந்த அசைபோடுதல் குறைந்தது; சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. இது 2015இல் வெளியான ஆராய்ச்சி.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய விவரங்கள் 2019இல் வெளியிடப்பட்டன. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் கழித்தவர்கள், கழிக்காதவர்களைவிடத் தம் உடலும் மனமும் நலமாயிருப்பதாக அதிகமாகக் கூறினர். ஒரே மூச்சில் கழித்தாலும் பகுதி பகுதியாகக் கழித்தாலும் பலன் ஒன்றே. ஆனால் ஏற்கெனவே நலமாயிருப்பவர்தாமே வெளியே உலவப் போகிறார் என்றும் வாதிக்கலாம். அவ்வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. அதனால்தான் குலுக்கல் முறையில் நடந்த பிலடெல்பியா சோதனையை முதலில் வைத்தோம்.

நம் ஊரில் ஏரிக்கரையை ஒட்டி ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. களத்துவேலை முடிந்தவர்கள் அங்கே துண்டை விரித்துச் சாய்வார்கள். வம்பும் வழக்கும் உண்டு. பேசாமல் வெறுமனே கிடப்பதும் உண்டு. ஒரு வருஷம் நிலக்கடலை முற்றும் பொய்த்துப்போன ஒருவர், மாதக்கணக்கில் தினமும் அங்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வராத நாளில் யாராவது வீட்டுக்கே போய்ப் பார்த்துவந்தார்கள். பின்னாளில் மரங்கள் ஏலத்தில் போயின. வந்த பணம் எதற்குச் செலவாயிற்று என்பது இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. தோப்பு இல்லாத ஊரிலே, ஒருவர் வராததை யார், எங்கே கவனிப்பது?

பழமையைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியன்று. அந்தத் தோப்பிலே பெண்கள் உட்கார்ந்ததை நாம் கண்டதில்லை. ஊரின் ஒரு பகுதியார் அங்கே கால் வைக்கத் தயங்கியதையும் அறிவோம். இன்று பஞ்சாயத்து அமைக்கும் நிழலிடம் அப்படி இருத்தல் கூடாது. எந்தத் தெருவிலிருந்தும் எவரும் தயக்கமின்றி வரக்கூடிய வழியில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் வந்துபோக வெளிச்சம் வையுங்கள். சீட்டாட்டமும் பாட்டிலும் புகுந்துவிட்டால், முதலில் விலகுபவர்கள் தாய்மார்களே.

மரம் மருந்தாகாத நிலையும் உண்டு. உறக்கமின்றி, உணவு வேண்டாது, உயிர்மேல் வெறுப்பாகப் பேசுபவரைத் தோப்புக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது பெருந்தவறு. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். பூச்சிமருந்தை வீட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் பூட்டி வைப்பதும் உயிர்காக்கும் செயலாகும்.

நடவேண்டிய மரங்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை எல்லாம் நம் மண்ணுக்குப் பழகியவை. நீர்க்கரையானால் மருதும் ஆகும். விரைவில் நிழல் வேண்டுமானால் புங்கனும் பூவரசும் போதும். இலுப்பை வளரக் காலம் பிடிக்கும்.  இருந்தாலும் இரண்டொன்று வையுங்கள். கன்றுக்கு ஆடு எட்டாத முள்ளடைப்புக் கட்டுங்கள். நட்ட நாளில் வரும் கூட்டம் கோடையில் வராது. ஆகவே முதல் மூன்று கோடைகளுக்கு எந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் விடுவது என்பதை, நடுவதற்கு முன்பே கிராம சபையில் பெயர் சொல்லித் தீர்மானித்துப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். கூலி கொடுக்க வேண்டுமானால் அதற்கான தொகையையும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.