பிடி என்னும் வினையும் குறுக்கெழுத்துப் புதிரும்

குறுக்கெழுத்துப் புதிரில் ஐந்து கட்டங்கள். அவற்றுள் நான்கு நிரம்பிவிட்டன: ட, ம், பி, டி. முதற் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கின்றது. இனி என்ன தடை என்று எண்ணிப் பேனாவை எடுப்பவர் அங்கேதான் திகைத்து நிற்பார். 'அ' இட்டால் அடம்பிடி. 'இ' இட்டால் இடம்பிடி. 'ப' இட்டால் படம்பிடி. 'வ' இட்டால் வடம்பிடி. நான்கும் நல்ல தமிழ்த் தொடர்கள். நான்கிலும் உள்ள வினை ஒன்றே. ஆனால் வீட்டு வாசலில் அழுது புரளும் குழந்தை செய்வது வேறு, புகையிரதத்திற் கைக்குட்டையை விரித்து வைப்பவர் செய்வது வேறு, கமராவுடன் நிற்பவர் செய்வது வேறு, தேர்த் திருவிழாவன்று பக்தர் செய்வது வேறு.

இந்த விளையாட்டுத் தமிழிற் பிறந்ததன்று. லிவர்பூலிற் பிறந்த ஆதர் வின் என்பவர், 1913 டிசெம்பர் 21ஆந் திகதி வெளிவந்த 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் இதனை முதன்முதல் அமைத்தார். இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1930இல் இதற்கு இடங்கொடுத்தது. ஆங்கிலப் புதிர்களில் 'டேக்' என்ற சிறு வினை படுத்தும் பாடு பெரிது. அதன் பின்னே 'ஆஃப்' சேர்ந்தால் விமானம் மேலெழும். 'ஆஃப்டர்' சேர்ந்தால் மகன் தந்தையைப் போலிருப்பான். அங்கே வினை முன்னே வந்துவிடும். பொருளை மாற்றும் சொல் வாலிலே ஒளிந்திருக்கும். தமிழில் நிலைமை தலைகீழ். வினை ஈற்றில் நிற்க, பொருளைத் தீர்மானிக்கும் பெயர் தலைப்பக்கத்தில் மறைந்து நிற்கின்றது. ஆதலின் தமிழ்ப் புதிரில் கடைசி இரு கட்டங்களைக் கண்டுகொண்டவர் அரைவாசி வென்றுவிட்டதாக மகிழ வேண்டியதில்லை.

மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் என்பது வழக்கு. எனவே சந்தியும் இங்கே இடம் கேட்கும். குடைபிடி என்பதற்கு நான்கு கட்டம் போதும். கடைப்பிடி என்பதற்கு ஐந்து வேண்டும். நடுவில் நிற்கும் ஒற்றை மறந்தவர் ஒரு கட்டம் மிஞ்சியதென்று புதிர் அமைத்தவரைக் குறைகூறுவார்!

குறிப்பு எழுதுவோருக்கும் கடமை உண்டு. அடம்பிடி என்ற விடைக்குப் 'பிடிவாதம் செய்' என்று குறிப்பு எழுதுவது சோம்பல். விடையின் பாதியைக் குறிப்பே சொல்லிவிடுகின்றது. 'கேட்டது கிடைக்கும்வரை இணங்காதே' என்றால் தகும். இன்னுமொன்று. மீனைப் பிடிப்பவன் மனிதன். ஆனால் மனிதனைத் தடிமன் பிடிக்கின்றது, பேய் பிடிக்கின்றது. இரும்பைத் துருப்பிடி என்று எவரும் ஏவுவதில்லை. சோற்றை அடிப்பிடி என்று எந்தத் தாயும் கட்டளையிடுவதில்லை. ஆகவே இவற்றை ஏவலாக வைத்துக் கட்டம் அமைப்பது முறையன்று. துருப்பிடித்தல், அடிப்பிடித்தல் என்றே வைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பண்டம் பிடிக்கும் என்னும்போதோ, பிடிப்பவரும் இல்லை, பிடிபடுபவரும் இல்லை. நாவின் விருப்பம் மாத்திரமே உண்டு. இரண்டே கட்டங்களில் 'களிற்றின் துணை' என்று கேட்டால் அங்கும் பிடிதான் விடை, அது வினையுமன்று.

இவ்வளவும் இலக்கணம். இனி வருவது வழக்குப் பற்றிய சங்கடம்.

ஆறு கட்டங்கள், 'முகத்துதி செய்' என்பது குறிப்பு. தமிழ்நாட்டில் இருந்து நிரப்புபவர் தயங்காமற் காக்காய்பிடி என்று எழுதுவார். காலையும் கையையும் பிடித்தல் என்பதே அவ்வாறு மருவிற்று என விளக்குவாரும் உளர். யாழ்ப்பாணத்துத் திண்ணையில் அதே புதிரை விரித்து வைத்திருப்பவருக்கு முதலில் நாவில் வருவது பந்தம்பிடி. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் சரியாக ஆறு கட்டங்கள்! ஈற்று இரண்டும் ஒன்றே. இருவரும் பிழை விடவில்லை; இருவரும் தத்தம் வீட்டில் வழங்கும் தமிழையே எழுதினர். ஆயினும் விடை வெளியாகும் நாளில் ஒருவருடைய தமிழ் மட்டும் பிழையாகிவிடும். அகராதியைப் புரட்டியும் பயனில்லை. 'பிடி' என்ற சொல்லுக்கு நேரே 'பற்று' என்ற பொருளைக் கண்டவருக்கு, காக்கையும் தீப்பந்தமும் முகத்துதிக்கு எவ்வாறு வந்தன என்பது விளங்காது.

தீர்வு அரிதன்று. மூன்றாம் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழ் ஒரு சொல்லை இறக்கிவிட்டால், 'த' வருமா 'கா' வருமா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். குறிப்பையும் சற்று நயமாக எழுதலாம். 'தயவு வேண்டிப் பட்டப்பகலிலும் பெரியவர் முன்னே வெளிச்சம் காட்டு' என்றால் யாழ்ப்பாணத்தவர் புன்னகையோடு எழுதிவிடுவார். சென்னையில் இருப்பவரும் சிறிது யோசித்தபின் தமக்குப் புதிதான ஒரு தொடரைக் கட்டங்களிலே காண்பார். 'கரையும் பறவையைத் தொடாமலே காரியம் சாதி' என்று மறுவாரம் வந்தால், யோசிக்கும் முறை யாழ்ப்பாணத்தவருடையது.