இருட்டு மூலைக்கும் ஒரு செடி உண்டு

மதுரையில் வண்ண மீன் கடை வைத்திருப்பவன் நான். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்த் தொட்டி அமைத்துக் கொடுப்பதும் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, பிளாஸ்டிக் செடி வேணாம், நிஜச் செடி வைக்கணும். ஆனா தொட்டி இருக்கிற இடத்துல வெளிச்சமே இல்லையே, வளருமா?"

வளரும். எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் பலவற்றில் வாசல் பக்கம்தான் வெளிச்சம். தொட்டியோ மாடிப்படிக்குக் கீழே, டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். அதுவும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வெளிச்சத்துக்காகத் தொட்டியைத் தூக்கி சன்னலோரம் வைத்துவிடாதீர்கள். சித்திரை வெயில் நேராகப் பட்டால் சில நாளில் தண்ணீர் பச்சைப் பாயசமாகிவிடும். சூட்டில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். தொட்டியின் மூடியிலேயே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு, ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரியட்டும். இன்றைக்குச் சொல்லப்போகிற செடிகளுக்கு அது போதும். இரவு முழுக்க எரிய விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ப்பது பாசி.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டம் நிற்கிற இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று படியும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. அந்த உப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கப்பி, மோலி மீன்களுக்கு இந்தக் கடினத் தண்ணீர் பிடிக்கும். ரிப்பன் மாதிரி நீளமாக எழும்புகிற வாலிஸ்னேரியாவுக்கும் பிடிக்கும். கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடி அது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால், வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள்.

இனி என் மனதுக்குப் பிடித்த செடிக்கு வருகிறேன். கிரிப்டோகோரைன். கடைகளில் சுருக்கமாகக் கிரிப்ட் என்போம். சேம்பு, சேனைக் குடும்பத்துச் செடி. காட்டு நிழலில் ஓடுகிற ஓடைகளில் வளர்வது, அதனால் அரை இருட்டு அதற்குப் புதிதில்லை. நாம் அதிகம் விற்கிற வெண்டிடீ வகை இலங்கையைச் சேர்ந்தது. அதை ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விட் 1958-ல் பெயரிட்டுப் பதிவு செய்தார். பச்சை, பழுப்பு, செம்பு நிறம் என ஒரே இனத்தில் பல சாயல். இலை விளிம்பு லேசாக நெளிந்திருக்கும்.

நம் தென்னாட்டிலும் இதன் உறவினர் உண்டு, நேயர்களே. ஸ்பைராலிஸ் என்ற வகை நம் ஈர நிலங்களிலேயே வளர்கிறது. அதன் கிழங்கைத்தான் காயவைத்து, நாட்டு அதிவிடயம் என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிறார்கள். கீழமாசி வீதியில் கஷாயத்துக்குப் பொட்டலம் கட்டி வாங்கியவர்கள், மீன் தொட்டிச் செடியின் சொந்தக்காரரைத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் கிரிப்டுக்கு ஒரு குணம் உண்டு. இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். அண்ணா நகரில் ஒரு மருத்துவரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் தொட்டி அமைத்தேன். ஆறு கிரிப்ட் நட்டேன். நாலாம் நாள் வரவேற்பில் இருக்கும் அம்மா போனில் கூப்பிட்டார். "சார், நீங்க வச்ச செடியெல்லாம் அழுகிப் போச்சு, எடுத்துப் போட்டுடவா?" என்றார். போய்ப் பார்த்தேன். இலைகளில் முதலில் ஊசி முனை அளவு ஓட்டை, பிறகு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் திட்டுகள், பிறகு காம்போடு கூழாகிக் கரைந்துபோயிருந்தன. ஒன்றை மட்டும் மெல்ல இழுத்துக் காட்டினேன். வேர் வெள்ளையாக, கெட்டியாக, மணலைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. "வேர் உயிரோட இருக்கும்மா, கை வைக்காதீங்க" என்று சொல்லி, கரைந்த இலைகளை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு வந்தேன்.

இது நோயில்லை. நாற்றுப் பண்ணைகளில் பெரும்பாலும் இந்தச் செடியைத் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் விட்ட இலை தண்ணீருக்குள் உதவாது. செடி அதை உதறிவிட்டு நீருக்கேற்ற புது இலை விடுகிறது. அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். கிளினிக்கிலும் ஒரு மாதத்தில் நடுக்குருத்து சுருளாக எட்டிப் பார்த்தது. போன் செய்து சொன்னதே அந்த அம்மாதான். கிரிப்ட் வாங்கித் தோற்றவர்கள் பலரும் இந்த நாலாம் நாளில் பிடுங்கி எறிந்தவர்கள்.

நடுவதற்கு இரண்டு அங்குலம் மணல் போதும். கழுவும் தண்ணீர் தெளிகிற வரை வாளியில் அலசுங்கள். அலங்காரத்துக்குக் கல் வேண்டுமென்றால் கட்டட வேலையில் மீதமாகும் கருங்கல் துண்டே நல்லது, தண்ணீரின் தன்மையை மாற்றாது. உரம்? மீனின் கழிவே பாதி உரம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒருவர் நெல்லுக்குப் போடுவதுதானே என்று டி.ஏ.பி. குருணையை ஒரு பிடி மணலில் புதைத்துவிட்டார். அதில் இருப்பது அம்மோனியா சத்து. மறுநாள் காலை மீன் ஒன்றும் மிஞ்சவில்லை. தயவுசெய்து வயல் உரம் வேண்டாம்.

நேரம் ஓடுகிறது, இன்னும் சில செடிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மண்ணே கேட்காதவை. இவற்றின் தண்டு இஞ்சி போலப் படுத்திருக்கும். அதை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ தையல் நூலால் கட்டிவிடுங்கள், வேர் தானே பற்றிக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் பொட்டு தெரிந்தால் மருந்து தேடாதீர்கள், வித்துகள் அவை. ஜாவா பாசிக்கு நம் கோடை ஒத்துவராது, ஏ.சி. அறையில் இருந்தால் பாருங்கள். கண்மாயில் இருந்து வேலம்பாசி அள்ளி வந்தால், அட்டையும் தும்பிப் புழுவும் கூடவே வரும். தும்பிப் புழு கப்பிக் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

முதல் தொட்டி என்றால் நாலு கிரிப்ட், ஒரு அனுபியாஸ், பின்வரிசையில் வாலிஸ்னேரியா, இவ்வளவே வையுங்கள். வாலிஸ்னேரியா பக்கக் கொடி ஓட்டிப் பெருகும், மாதம் ஒரு முறையாவது பிடுங்க வேண்டியிருக்கும். பிடுங்கியதைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். கொடுக்க ஆள் இல்லையென்றால் துளசித் தொட்டியில் புதைத்துவிடுங்கள். வைகையிலோ வண்டியூர்க் கண்மாயிலோ மட்டும் கொட்டாதீர்கள். அங்கே தண்ணீரை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த செடிதான்.