பருத்திக் காடும் பட்டறையும்
(விவசாயிகளுக்கான வானொலிப் பேச்சு)



தொழிலும் வியாபாரமும் பெருகினால் நாட்டின் செல்வமும் ஜனத்தொகையும் எப்படி மாறும்? கோயமுத்தூரையே எடுத்துக்கொள்வோம்.

மழை குறைவான பூமி. கிணற்றை நம்பிய வெள்ளாமை. ஆனால் கரிசலில் பருத்தி நன்றாக வரும். 1888-ல் அங்கே முதல் நூற்பாலை வந்தது. பிறகு இறவைக்கு ஏற்ற கம்போடியா பருத்தி பரவியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1901-ல் சுமார் 53 ஆயிரம் பேர் இருந்த நகரம், 1951-ல் சுமார் 2 லட்சம் பேர் ஆயிற்று.

"அதனால காட்டுக்காரனுக்கு என்ன லாபம்?" என்று கேட்பீங்க. ஆலைத் தொழிலாளி உழுவதில்லை. ஆனால் அவனும் சாப்பிடணுமே! அவன் வாங்கிய கூலி பால், காய்கறி, தானியம் விற்றவர் மடிக்கு வந்தது. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்த பட்டறைகள் நாளடைவில் மோட்டாரும் பம்புசெட்டும் செய்தன. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடியது. அதே நிலம் கூடுதலாக விளைஞ்சு, கூடுதல் பேருக்குச் சோறு போட்டது. காட்டிலிருந்து பருத்தி போச்சு. பட்டறையிலிருந்து பம்புசெட்டு வந்துச்சு. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் செல்வம்.

மறுபக்கமும் உண்டு. திருப்பூர்ப் பனியன் கடல் கடந்து போகிறது. ஆனால் அதன் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீர் பயிருக்கு ஆகாமல் போச்சு. சுற்றுவட்டாரக் கிணறுகளும் கெட்டன. கழிவைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு தொழில் பிழைக்க இன்னொரு தொழில் சாவதா? அது நாட்டுக்கு வரவு ஆகாதுங்க.

நாம் செய்ய வேண்டியது மூன்று. பருத்தியைக் காலை வேளையில் எடுங்க, சருகு ஒட்டாது. நிழலில் உலர்த்தி, நல்லதையும் கறைப்பட்டதையும் தனித்தனியாகப் பிரித்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு போங்க. இரண்டாவது, வெள்ளாமை இல்லாத மாதங்களுக்கு உதவ வீட்டில் ஒருவராவது ஒரு கைத்தொழில் கற்கட்டும். மூன்றாவது, ஊருக்கு ஆலை வருதுன்னா எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, கழிவு எங்கே போகும் என்றும் கிராம சபையில் கேளுங்க.

"உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது" என்பது பழைய பேச்சு. தரம் பார்த்து விற்று, தண்ணீரையும் காத்துக்கொண்டால், மிஞ்சும்படி செய்யலாம்.