தாடை மூட்டின் ஓசை

உண்ணும்போதும் பேசும்போதும் கொட்டாவி விடும்போதும் உழைக்கின்ற ஒரு மூட்டைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். காதுத் துளைக்குச் சற்று முன்னே விரல் நுனியை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலடியில் உருண்டு நகர்வதே கீழ்த்தாடை எலும்பின் தலை.

கதவின் கீல் ஒரே இடத்தில் நின்று சுழல்கிறது. தாடை மூட்டும் அத்தகையதே என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. வாயைச் சிறிது திறக்கும்வரை தாடைத்தலை தன் குழியிலேயே சுழல்கிறது. மேலும் திறக்கும்போது அது முன்னோக்கிச் சறுக்கி, எதிரேயுள்ள எலும்பு மேட்டின் சரிவில் இறங்குகிறது. சுழற்சியும் சறுக்கலும் கூடினால்தான் வாய் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை, அதாவது மூன்று விரல் நுழையுமளவு, திறக்கும்.

எலும்போடு எலும்பு உராயாதபடி நடுவே நார்த்திசுவாலான வட்டு ஒன்று மெத்தையென அமைந்துள்ளது. அதற்குக் கீழே சுழற்சி, மேலே சறுக்கல். தாடைத்தலை முன்னே செல்லுங்கால் வட்டும் உடன் செல்லல் வேண்டும். வட்டு சற்று முன்னே நழுவியிருப்பின் என்ன ஆகும்? வாய் திறக்கையில் தாடைத்தலை வட்டின் தடித்த பின்விளிம்பைத் தாண்டி, அதன் நடுப்பகுதியில் போய் அமர்கிறது. அப்போது எழுவதே 'சொடக்' என்னும் ஓசை. வாயை மூடுகையில் வட்டு மீண்டும் நழுவுவதால், மெல்லிய இரண்டாம் ஓசை கேட்பதும் உண்டு. விரலை நெட்டி முறிக்கும்போது எழும் ஓசை வேறு. அது மூட்டு நீரிலுள்ள வாயுவைப் பொறுத்தது.

தாடைத்தலை மேட்டையும் கடந்து முன்னே சென்று, திரும்ப மாட்டாமல் சிக்கிக்கொண்டால், திறந்த வாய் மூடாது. அவ்வாறு விலகிய தாடையைக் கையால் பழைய நிலைக்குக் கொணரும் முறையை, கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய நூல்களே கூறுகின்றன.

ஓசை கேட்ட அளவில் அஞ்ச வேண்டா. வலியும் தடையும் இல்லாத ஓசை பலரிடம் உண்டு. அதற்குப் பெரும்பாலும் மருத்துவம் தேவையில்லை. ஆனால், வழக்கமாகக் கேட்ட ஓசை திடீரென நின்று, வாயும் முன்போல் திறவாவிடின், நோய் தீர்ந்தது என மகிழாதீர்கள். வட்டு முன்னேயே தங்கி வழியை அடைத்திருக்கலாம். அப்போதும், வலி தோன்றும்போதும், பல் மருத்துவரை நாடுக.

மாணவர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். தேர்வுக் கவலையில் பல்லை இறுகக் கடித்தலும், எழுதுகோலை மெல்லுதலும், வேடிக்கைக்காகத் தாடையைச் சொடுக்குதலும் இம்மூட்டுக்கு வீண் சுமைகள். உண்ணாதபோதும் பேசாதபோதும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருப்பதே அதற்கு ஓய்வு. அவ்வோய்வை அதற்கு அளியுங்கள்.